புதுப்பிப்பு: ஸ்காஃப் கேள்விகள் மட்டும் போதாது

கட்டுக்கடங்காமல் உண்ணும் கோளாறைச் சென்னைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டறிய ஸ்காஃப் (SCOFF) என்ற உணவுக் கோளாறு கண்டறியும் வினாப்பட்டியலின் 5 கேள்விகள் போதும் என்று முன்பு எழுதியிருந்தோம். அது தவறு. அவை அனோரெக்ஸியா (எடை கூடும் பயத்தில் உணவைக் குறைப்பது), புலிமியா (அதிகம் உண்டுவிட்டு வாந்தி போன்றவற்றால் ஈடுகட்டுவது) ஆகியவற்றுக்காக உருவானவை. வாந்தி, எடை இழப்பு போன்றவற்றைப் பற்றியும் கேட்பவை. அதிகம் உண்டுவிட்டு வாந்தி எடுக்காத பிள்ளை அதில் கண்டறியப்படாமல் போய்விடலாம்.

எடை பார்க்கும் முன்பே, பிள்ளையைத் தனியாக வைத்துக் கேளுங்கள்: "சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியாம போகுதாப்பா? பசியில்லாமலே சாப்பிடுறியா? யாருக்கும் தெரியாம? அப்புறம் மனசு கஷ்டமா இருக்கா?" அம்மா பக்கத்தில் இருந்தால் உண்மை வராது. எவ்வளவு சாப்பிட்டது என்பதைவிட, கட்டுப்பாடு போவதுதான் முக்கியம். கல்யாண வீட்டில் இரண்டு பிரியாணி சாப்பிடுவது நோயல்ல.

இப்படிக் கட்டுப்பாடில்லாமல் உண்பது வாரம் ஒருமுறையாவது, 3 மாதமாக நடந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். வழி தெரியாவிட்டால் அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் 14416. தயவுசெய்து டயட் சார்ட் மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள்: பட்டினி கிடந்தால் அடுத்த முறை இன்னும் மோசமாகும்.