பூசப் பாதயாத்திரைக்கு எந்த நிறத் துண்டு? இருட்டில் தெரிய வேண்டும்

தேவகோட்டை தையல்காரி கேட்டது:

பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை போகும் எங்கள் குழுவில் இந்த வருஷம் 32 பேர். எல்லாருக்கும் தோள்துண்டும் பையும் தைக்கிற வேலை என்னுடையது. துணி இன்னும் எடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

விடியக்காலை 3 மணிக்கெல்லாம் நடக்கத் தொடங்கிவிடுவோம். வெயில் ஏறுவதற்குள் அன்றைய தூரத்தை முடித்துவிட வேண்டுமே. போன வருஷம் நத்தம் தாண்டி ஒரு வேன் என் மாமாவின் முழங்கையை உரசிக்கொண்டு போய் நின்றது. சிராய்ப்போடு போயிற்று, முருகன் காப்பாற்றினான். ஓட்டிவந்த பையன் ஓடிவந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டான். "சத்தியமா தெரியலைங்கய்யா" என்று அவன் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் சொன்னது நிஜம்தான். மாமா கட்டியிருந்தது கரும்பச்சை வேட்டி, தோளில் அதே நிறத் துண்டு.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். முருகனுக்குப் பச்சைதான், மாற்றக் கூடாது என்கிறார் அத்தை. சிக்னலே சிவப்புதானே, சிவப்புதான் தூரத்துக்குத் தெரியும் என்கிறான் அண்ணன் மகன். இருட்டில் நிஜமாகவே கண்ணுக்கு எது தெரியும்?

ராத்திரி லோடு சொன்னது:

அக்கா, நான் திண்டுக்கல் பக்கம் பல வருஷமா ராத்திரி வண்டி ஓட்டுறேன். பூசம் வந்தா ஒரு மாசம் வயித்துல புளியைக் கரைக்கும். சிவப்பும் கரும்பச்சையும் தார் ரோட்டோட தாரா போயிரும், கிட்ட வந்தாதான் ஆளுன்னே தெரியும். வெள்ளை வேட்டி, மஞ்சள் சேலை முன்னாடியே தெரியும். ஆனா எதிர்ல ஒரு பஸ் லைட்டடிச்சு வந்தா அந்த நேரத்துக்கு வெள்ளையும் காணாமப் போயிரும். 60-ல போனாலே நொடிக்கு 16 மீட்டருக்கு மேல ஓடிரும். டிம் லைட்ல துணி கண்ணுல பட்ட பிறகு பிரேக் பிடிச்சா லோடு வண்டிக்கு அந்தத் தூரம் பத்தாது.

அதனால துணியை மட்டும் நம்பாதீங்க, ரேடியம் ஒட்டுங்க. அதுவும் கால்ல. பையில ஒட்டினது போர்வை மூடினா போச்சு. முதுகுல மின்னுனா நின்ன வண்டியா, மைல்கல்லான்னு ஒரு நிமிஷம் குழப்பும். கணுக்கால்ல மின்னுனா மேலயும் கீழயும் மாறி மாறி ஆடும் பாருங்க, மனுஷன் நடக்கிறான்னு பார்த்ததும் புரிஞ்சிரும், கால் தானா பிரேக்குக்குப் போயிரும். இன்னொண்ணு, ரோட்டுக்கு வலது பக்கமா எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தே நடங்க.

கண்ணாடி வாத்தியார் சொன்னது:

கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதித்தே ஓய்வு பெற்றவன் நான். அம்மா, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. இருட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. பகலுக்குக் கூம்புச் செல்கள், நிறம் பிரித்துக் காட்டுபவை. இருட்டுக்குக் குச்சிச் செல்கள், இவற்றுக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். பகல் கண்ணுக்கு அதிகப் பிரகாசமாகப் படுவது மஞ்சள் கலந்த பச்சை, ஏறக்குறைய 555 நானோமீட்டர். இருட்டு ஏற ஏற அது நீலம் கலந்த பச்சைப் பக்கம், 507 வாக்கில் நகர்ந்துவிடும். சிவப்பு ஒளிக்குக் குச்சிச் செல்கள் அசைந்துகொடுப்பதே அபூர்வம். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே இதைக் கவனித்து 1825இல் எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இன்றும் வழங்குகிறது. ஒரு செம்பருத்தியை இலையோடு பறித்து, பொழுது சாயும்போது வாசற்படியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பகலில் பூ பளிச்சென்றிருக்கும். விளக்கு வைக்கிற நேரம் கடந்ததும் பூ கறுத்துப்போகும், இலை மங்கலாகவாவது நிற்கும்.

ஆனால் வண்டி வெளிச்சம் மேலே விழும்போது ஓட்டுநரின் கூம்புச் செல்களும் வேலை செய்யும். அங்கே துணி எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான் கணக்கு. வெள்ளை முதலில், வெளிர் மஞ்சள் அடுத்து, கிளிப்பச்சை அதற்குப் பக்கத்தில். கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் வாங்கியதை விழுங்கிவிடும். சிக்னல் சிவப்பு தானே எரிகிற விளக்கு. துணிக்கு இரவல் வெளிச்சம்தான், அதைப் பையனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சாலைப் பணியாளர்கள் போடும் பளீர் மஞ்சள் துணி, வானத்திலிருந்து வரும் புற ஊதாக் கதிரை வாங்கி ஒளிர்வது. விடியலிலும் அந்தியிலும் அபாரம், நடுராத்திரியில் சாதாரண வெளிர்த் துணிதான்.

லாரித் தம்பி சொன்ன பட்டைக்கு ரேடியம் என்பது பழகிப்போன பெயர். உள்ளே இருப்பது பொடிப்பொடிக் கண்ணாடி மணி. எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்ததோ அந்தத் திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் ஓட்டுநர் கண்ணுக்கு அது நெருப்பாகத் தெரிகிறது, பக்கத்தில் நடப்பவருக்கு வெறும் சாம்பல் நிறம்.

தேவகோட்டை தையல்காரி:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. நேற்றுக் கண்மாய்க்கரை ரோட்டில் செய்தே பார்த்துவிட்டோம். இரண்டு பனைமரத்துக்கு நடுவே கயிறு கட்டி ஐந்து துண்டுத் துணி தொங்கவிட்டேன்: வெள்ளைக் காடா, மஞ்சள், கிளிப்பச்சை, கரும்பச்சை, குங்குமச் சிவப்பு. பொழுது இறங்கியபோது சிவப்புதான் எடுப்பாக இருந்தது, அண்ணன் மகன் ஜெயித்துவிட்டேன் என்று குதித்தான். அரை மணி நேரத்தில் அது கறுப்பு. நல்ல இருட்டானதும் என் வீட்டுக்காரர் அறுபது அடி எடுத்துவைத்துப் போய் வண்டி விளக்கை டிம்மில் போட்டார். வெள்ளையும் மஞ்சளும் தெரிந்தன, கிளிப்பச்சையும் தெரிந்தது. கடைசி இரண்டு இடத்திலும் கயிற்றில் ஒன்றுமே தொங்காதது போல இருந்தது. அப்படியே மாமாதான் நினைவுக்கு வந்தார், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

கிளிப்பச்சைத் துணி எடுத்தாயிற்று. அத்தையும் சரி என்றார், பச்சை பச்சைதானே. கணுக்காலுக்கு வெல்க்ரோ வைத்து 64 பட்டை தைக்கிறேன். முதல் ஜோடி மாமாவுக்கு. கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்து பார்த்தார். "செருப்பில்லாத காலுக்கு இதாவது இருக்கட்டும்" என்றார்.