டிஎல்சி இல்லாதவர்களுக்கும் மோட் ஓட வேண்டும், வழி சொல்லுங்கள்

நண்பர்களே, 2011-இல் வந்த பழைய ஸ்கைரிம் விளையாட்டுக்கு ஒரு தீவு மோட் (ஆடுபவர்களே செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்து இலவசமாகக் கொடுத்து வருகிறேன். தீவின் பாறைகளும் சில வீடுகளும் டிராகன்பார்ன் டிஎல்சியின் (விளையாட்டு நிறுவனம் தனியாக விற்கும் கூடுதல் பகுதி) மாடல்கள். அதனால் என் மோடின் இஎஸ்பி கோப்பு அந்த டிஎல்சியை மாஸ்டராக, அதாவது கட்டாயம் இருக்க வேண்டிய அடிப்படைக் கோப்பாகக் கேட்கிறது. அதை வாங்காதவர்கள் மோடைப் போட்டால் மெனு வருவதற்கு முன்பே விளையாட்டு மூடிக்கொள்கிறது.

அந்த மாடல்களை மோடுக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். செய்ய மாட்டேன். காசுக்கு விற்கும் ஒன்றை நான் இலவசமாக விநியோகிப்பது திருட்டுதான். அதே சமயம், என் மோடை ஆட இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கு என்று சொல்லவும் மனம் வரவில்லை. 2015 ஏப்ரலில் மோட்களைப் பகிரும் தளமான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் ஸ்கைரிம் மோட்களுக்கு விலை வைத்தார்கள். மோட் செய்தவருக்கு 25 சதவீதம்தான். எதிர்ப்பில் சில நாட்களிலேயே திட்டம் நின்றது. மோட் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் அப்போதிருந்தே உறுதியாக இருக்கிறேன்.

சரி, என் யோசனை இது: மூல விளையாட்டின் மாடல்கள் மட்டும் உள்ள ஒரு கோப்பு, டிஎல்சி வைத்திருப்பவர்களுக்கு அதன் மேல் போட்டுக்கொள்ள ஒரு சிறு பேட்ச் கோப்பு. எக்ஸ்எடிட் என்ற மோட் திருத்தும் மென்பொருளில் மாஸ்டரை நீக்கிப் பிரிக்கும்போது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருப்பவர்களின் சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அப்புறம், பாறைகளின் வடிவம் மாறுவதால் இரண்டு கோப்புகளுக்கும் நேவ்மெஷ் (கதாபாத்திரங்கள் எங்கே நடக்கலாம் என்று காட்டும் வலை) தனித்தனியாகப் போட வேண்டுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.