பதின்பருவத்துக் கதைகள் எங்கள் பிள்ளைகளுக்குள் என்ன செய்தன?

காரைக்குடி ஆசிரியை:

செட்டிநாட்டில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுக்குக் குறைவே இருந்ததில்லை. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரம் எங்களுக்கு அதிகத் தூரமில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளைக் கடந்து வந்துவிட்ட 13 வயதுப் பிள்ளைக்கு அடுத்து எதைக் கொடுப்பது? ராஜா ராணிக் கதைகள் அலுத்துப்போயிருக்கும். பெரியவர்களின் நாவல்களுக்குள் நுழைய இன்னும் சில வருடம் ஆகும். தான் யார், தன்னால் என்ன முடியும் என்று மனம் குடைந்துகொண்டிருக்கும் அந்த வயதில்தான் நம் புத்தக அலமாரி காலியாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலைகளில், வீட்டுக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்ட ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணையில் பிள்ளைகளுடன் உட்கார்ந்து படிக்கிறேன். கல்யாணம், திருவிழா என்றால் மட்டும் திறக்கும் வீடு; திண்ணையை எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே எனக்குத் தெளிவானது ஒன்று. கதைக்குள் ஒரு பெரியவர் வந்து புத்திமதி சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகளின் கண்கள் தெருவுக்குப் போய்விடும். கதையில் வருகிற பிள்ளை தானே யோசித்து, தானே முடிவெடுத்து, அதன் விளைவையும் தானே சுமக்கும்போது ஒருவரும் அசைவதில்லை.

'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அதை எழுதத் தொடங்கியபோது எஸ். இ. ஹின்டனுக்கு 15 வயது. அமெரிக்காவின் டல்சா நகரத்துப் பள்ளி மாணவி. தன்னைச் சுற்றியிருந்த பிள்ளைகளின் வாழ்க்கை எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்று தானே எழுத உட்கார்ந்தவர். 1967இல் நூல் வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. பெற்றோரை விபத்தில் இழந்த மூன்று சகோதரர்களின் கதை அது. மூத்தவன் டாரி கல்லூரிக் கனவை விட்டுவிட்டு, கூரை வேலைக்குப் போய்த் தம்பிகளைக் காப்பாற்றுகிறான். அண்ணனுக்குத் தன்னைப் பிடிக்கவே பிடிக்காது என்று 14 வயதுக் கடைக்குட்டி போனிபாய் நம்பிக்கொண்டிருக்கிறான்.

ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகள் என்பதால் ஒவ்வோர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கூட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் உண்டு. அவனுடைய அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை நடத்துகிறான். டாரி மருத்துவமனையில் தம்பியைக் கண்டு அழும் இடத்தில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். இதிலிருந்து என்ன புரிகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்தப் பையன் சட்டென்று, "டீச்சர், இதற்கு விளக்கம் சொல்லாதீர்கள்" என்றான். சொல்லவில்லை. அடுத்த வாரம் கடையைச் சிறிது நேரம் மூடிவிட்டு அவனுடைய அண்ணனும் வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். அண்ணன் தம்பிக்குள் என்ன பேச்சு நடந்தது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

தேவகோட்டை வாசகர், வயது 70:

எங்கள் காலத்தில் எங்கள் ஊர்க்காரரான தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால்தான் எங்களுக்கு எல்லாம். தேநீர் குடித்துவிட்டு அவர் யோசிக்கத் தொடங்கினால் எந்த மர்மமும் உடைந்துவிடும். அந்தக் கதைகள் கொடுத்த துணிச்சலை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் அவர் வளர்ந்த மனிதர். நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். என் வயதுப் பையன் பயந்து நடுங்கி, பிறகு நிமிர்வதை நான் எந்தப் பக்கத்திலும் படித்ததில்லை. இப்போது பேத்தியின் புத்தகங்களைப் புரட்டும்போது அதைப் பார்க்கிறேன். சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆத்தங்குடிப் பெண், கல்லூரி மாணவி:

டீச்சர், நானும் அந்தத் திண்ணையில் படித்தவள்தான். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. கீழடி நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்புவனத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அது வேறு யாருடைய கதையாகவும் எனக்குத் தோன்றவில்லை.

என் அப்பா ஆத்தங்குடிக் கல், அதாவது வீட்டுத் தரையில் பதிக்கும் கல், செய்கிறவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வோர் அறையிலும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றுவார். அச்சை எடுத்ததும் உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பி மட்டப்படுத்துவார். கல் காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டு வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஏறியிருக்கும். பள்ளியில் யாராவது கேட்டால், அப்பா வேலைக்குப் போகிறார் என்று மட்டும் சொல்வேன். கைவிரல்களில் சாயம் ஏறிய மனிதரைப் பற்றி அதற்குமேல் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் கீறியிருப்பதை அந்த நாவலை ஒட்டித்தான் தெரிந்துகொண்டேன். அன்று இரவு முழுவதும் ஒரே எண்ணம். 2,000 வருடங்களுக்கு முன்னால் ஒருவர் தம் பானையில் பெயர் எழுதியிருக்கிறார். ஊர் ஊராக எத்தனையோ வீட்டுத் தரையில் கிடக்கும் அப்பாவின் கற்களில் அவர் பெயர் எங்குமே இல்லை. மறுநாள் பட்டறைக்குப் போய், ஈரம் காயாத ஒரு கல்லின் பின்பக்கத்தில் ஆணியால் அப்பாவின் பெயரைக் கீறினேன். தரையில் பதித்தபின் யார் கண்ணுக்கும் தெரியாது. அப்பா பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை. அந்தக் கல் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கல் போடும் முறையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறேன், இப்போது உங்களுக்குச் சொன்னதுபோல.

பள்ளத்தூரிலிருந்து ஒரு தந்தை:

டீச்சருக்கு வணக்கம். எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இப்படிப்பட்ட நாவல்களைத் தொடர்ந்து படித்துவிட்டு, பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதப் பிரிவு வேண்டாம், வரலாறு எடுக்கிறேன் என்றாள். அழுவாள், அடம்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வரலாறு படித்தால் என்னென்ன மேற்படிப்பு, எந்தெந்தத் தேர்வு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது; பதில் வரவில்லை.

அவள் படித்ததை எல்லாம் நானும் படித்தேன். பெற்றோரை எதிர்க்கச் சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெற்றவர்களுக்கும் பயம் இருக்கிறது என்பதை அந்தக் கதைகள் மறைக்கவில்லை. வரலாற்றுப் பிரிவில் சேர்த்துவிட்டேன். மனம் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. வேலை கிடைக்குமா என்ற கவலை என்னை விடவில்லை. இருந்தாலும் அவளைத் தடுக்க என்னிடம் நியாயம் இல்லை.

ஒரு கேள்வி. இளையவனுக்கு 12 வயது. 'ஆயிஷா' கொடுக்கலாமா?

காரைக்குடி ஆசிரியை:

ஐயா, தனியாகப் படிக்க இப்போது வேண்டாம். இரா. நடராசனின் அந்தக் குறுநாவல், ஓர் ஆசிரியை தம் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்தது. ஓயாமல் கேள்வி கேட்கும் மாணவி அடி வாங்கிக்கொண்டே இருக்கிறாள். அடிபட்டால் வலிக்காமலிருக்க வழிதேடித் தன் உடம்பிலேயே ரசாயனத்தைச் செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் படித்தே ஆக வேண்டிய கதை. ஆனால் 12 வயதில் அந்த முடிவைப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேச ஆள் இருக்க வேண்டும். முதலில் நீங்கள் படியுங்கள், ஓரிரு வருடம் கழித்து அவனோடு சேர்ந்து படிக்கலாம். இப்போதைக்குக் கீழடி நாவல் போதும். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. சனிக்கிழமை அவனை அனுப்புங்கள். அக்காவும் வரட்டும், சத்தமாக வாசிக்க எங்களுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது.