பெரியம்மா சைட்டை திறந்துட்டு ஒண்ணுமே அமுக்கல, அவசரம், உதவி ப்ளீஸ்

கருப்பட்டிக்காரன் (வெள்ளி இரவு 9:40)
மக்களே ஒரு ஹெல்ப். பிரண்டு ஒருத்தன் உடன்குடி கருப்பட்டி விக்கிறான், அவனுக்கு சைட் பண்ணிட்டு இருக்கேன், திங்கக்கிழமை லைவ் போகணும். இன்னிக்கு பெரியம்மாகிட்ட குடுத்து டெஸ்ட் பண்ணேன், அவங்க இதுவரைக்கும் ஆன்லைன்ல ஒரு குண்டூசி கூட வாங்கினதில்ல. திறந்தாங்க, பாத்தாங்க, அவ்ளோதான். நாலு நிமிஷம் கழிச்சு போனை என் கையில குடுத்துட்டு "நல்லாருக்குல"ன்னுட்டு அடுப்படிக்கு போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல, ஏன்னா என் போன்லயும் சரி ஆபீஸ்ல நாலு பேர் போன்லயும் சரி ஒரு நிமிஷத்துல ஆர்டர் போட்டுடறோம். பட்டன் கலர்தான் பிரச்சனையா? பச்சை வைக்கவா ஆரஞ்சு வைக்கவா? சீக்கிரம் சொல்லுங்க.

நிழல்மரம் (9:52)
யாரு போன்ல பாத்தாங்க? சைட் தமிழா இங்கிலீஷா? அவங்கள என்ன செய்ய சொன்னீங்க? இதெல்லாம் சொல்லாம பச்சையா ஆரஞ்சான்னு கேட்டா நாங்க கிளி ஜோசியம்தான் பாக்கணும்.

மெனு_முனியாண்டி (9:55)
மூணு கோடு மெனு, அதான் அமுக்கினா மெனு திறக்கற அந்த மூணு கோடு ஐகான். எழுதி வச்சுக்கோங்க, வேற எதுவும் கிடையாது. எங்கப்பா அத பாத்துட்டு "இது என்ன, விபூதிப் பட்டையா"ன்னு கேட்டாரு. 1981ல ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் வரைஞ்ச ஐகான் அது, இத்தனை வருஷம் ஆகியும் எங்கப்பாகிட்ட வந்து சேரல. மெனுவ வெளிய எடுத்து போடுங்க, சரியாயிரும்.

கருப்பட்டிக்காரன் (10:03)
மூணு கோடே இல்ல ப்ரோ, ஒரே பக்கம்தான். தமிழ் சைட். அவங்க போன்லதான் பாத்தாங்க. "இத கொஞ்சம் பாருங்க பெரியம்மா"ன்னு சொல்லி குடுத்தேன்.

மெனு_முனியாண்டி (10:04)
அப்ப இனிமேலும் வச்சிராதீங்க.

மூத்தவன்_யூஎக்ஸ் (10:20)
தம்பி, கோச்சுக்காம கேளுங்க. பார்க்க சொன்னீங்க, பார்த்தாங்க, நல்லாருக்குன்னாங்க. அவங்க பாஸ், நீங்க ஃபெயில். இதுக்கு பேரு டெஸ்டிங் இல்ல, சொந்தக்காரங்களுக்கு கல்யாண ஆல்பம் காட்டுறது. அஞ்சு பேரை வச்சு பாக்கணும்னு இந்த டெஸ்டிங் துறையில பெரிய ஆளான நீல்சன் 2000லயே எழுதிட்டாரு, அடிப்படை கூட படிக்காம இங்க வந்து கலர் கேக்கறீங்க. இந்த இழை மாதத்துக்கு ஒரு தடவை வருது, தேடிப் பாருங்க.

தேன்மொழி (10:34)
மூத்தவரே, அந்த அஞ்சு எங்கிருந்து வந்துச்சுன்னும் சேத்து சொல்லிருக்கலாமே. ஒரு ஆள் உக்காந்தா சராசரியா 31 சதவீத பிரச்சனை கண்ணுல படும்னு நீல்சனும் லாண்டவர்ங்கற ஆய்வாளரும் 1993ல போட்ட கணக்கு அது, அத அஞ்சு பேருக்கு நீட்டினா 85 சதவீதம் கிட்ட வருது. அந்த கணக்குப்படியே முதல் ஆள்தான் அதிகமா காட்டிக் குடுப்பாங்க. அவருக்கு பெரியம்மா கிடைச்சிருக்காங்க, அதுவே பெரிய விஷயம்.

மூத்தவன்_யூஎக்ஸ் (10:41)
ஸ்பூல், ஷ்ரோடர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2001ல அஞ்சு பேர் பத்தவே பத்தாதுன்னு சொன்னதையும் படிச்சிருப்பீங்கன்னு நம்பறேன்.

தேன்மொழி (10:43)
அப்ப உங்க அஞ்சும் போச்சே?

தமிழ்_தளபதி (10:50)
சைட் தமிழ்னு சொன்னாரே, யாராவது கவனிச்சீங்களா? "ஆட் டு கார்ட்" பட்டனுக்கு "வண்டியில் சேர்"னு போட்டு வச்சிருப்பாரு. பெரியம்மா கருப்பட்டிய எந்த வண்டியில ஏத்தறதுன்னு முழிச்சிருப்பாங்க.

கருப்பட்டிக்காரன் (10:52)
இல்லங்க, "கூடையில் சேர்"னுதான் இருக்கு.

தமிழ்_தளபதி (10:55)
அதுவும் தப்புதான், யாரு கடையில கூடை கேக்கறாங்க? "வாங்கு"ன்னு போடுங்க போதும்.

பாமரன்77 (10:58)
"கார்ட்"னே தமிழ்ல எழுதிருங்க, எங்க வீட்ல பாட்டி உள்பட எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். "உள்நுழைக"ன்னு பாத்தா வீட்டுக்குள்ள கூப்பிடறாங்கன்னு நினைக்கற ஆட்கள் இருக்காங்க.

யாழ்வாசி (11:10)
எங்கட பக்கம் கூடை எண்டால் ஆக்களுக்கு விளங்கும், வண்டில் எண்டு போட்டால்தான் மாட்டைத் தேடுவினம். இதில என்ன சண்டை? அந்த மனுசி பட்டன் வரைக்கும் போகவே இல்லையே, பிறகு அதில என்ன எழுதியிருந்தால் என்ன?

பாமரன்77 (11:12)
கருப்பட்டின்னா ஓலைக் கொட்டான்லதான வரும், "கொட்டானில் போடு"ன்னு வைங்க 😂

தமிழ்_தளபதி (11:13)
சிரிக்காதீங்க, அது நிஜமாவே நல்ல பேரு.

(கூடை/கார்ட் சண்டையை இதோட நிறுத்திக்கலாம், தனி இழை போட்டுக்கோங்க. நிர்வாகி)

தேன்மொழி (11:20)
யாழ்வாசி சொன்னதுதான் விஷயம். கருப்பட்டிக்காரன், அந்த நாலு நிமிஷத்துல பெரியம்மா வாய் திறந்து ஏதாவது சொன்னாங்களா? சும்மா பேசினதா இருந்தாலும் பரவால்ல, அப்படியே எழுதுங்க.

கருப்பட்டிக்காரன் (11:26)
கருப்பட்டி நல்லா கருப்பா இருக்குன்னாங்க. ஓலைக் கொட்டான் யாரு முடைஞ்சான்னு கேட்டாங்க. "இந்த படம் யாருல எடுத்தா"ன்னு கேட்டாங்க, பிரண்டோட தம்பி எடுத்தான்னு சொன்னேன். அவ்ளோதான், சைட் பத்தி ஒண்ணுமே சொல்லல.

நிழல்மரம் (11:31)
அட, இதை முதல்லயே சொல்லிருக்கலாமே. அவங்க பாத்தது சைட் இல்லங்க, போட்டோ. வாட்ஸப்ல யாரோ அனுப்பின படம் மாதிரி பாத்துட்டு திருப்பி குடுத்துட்டாங்க. முதல் படத்த முழு ஸ்க்ரீனுக்கு வச்சிருக்கீங்களா? உயரம் 100விஎச்சா, அதாவது ஸ்க்ரீன் உயரம் முழுக்கன்னு கோடுல குடுத்திருக்கீங்களா? பட்டன் படத்தோட அடியிலயா?

கருப்பட்டிக்காரன் (11:34)
ஆமா மூணும். ஆனா என் போன்ல பட்டன் பளிச்சுனு தெரியுதே?

நிழல்மரம் (11:48)
நீங்க எப்படி திறக்கறீங்க? பந்தயம் கட்டறேன், ஹோம் ஸ்க்ரீன்ல ஐகானா போட்டு வச்சிருப்பீங்க, அது ஆப் மாதிரி திறந்தா அட்ரஸ் பாரே வராது. பெரியம்மாவுக்கு நீங்க லிங்க் அனுப்பி அது க்ரோம்ல திறந்திருக்கும். 100விஎச்னா போன் ப்ரௌசர் அட்ரஸ் பார் ஒளிஞ்சதுக்கு அப்புறம் இருக்கற உயரத்ததான் கணக்குல எடுக்கும், ஆனா பக்கம் திறந்த உடனே பார் மேல உக்காந்திருக்கு, அதனால அடியில அந்த பார் அளவுக்கு வெட்டுப்படும். வெட்டுப்பட்டது உங்க பட்டன். ஆபீஸ் ஆட்களுக்கு ஏன் தெரிஞ்சதுன்னா, நம்ம கட்டைவிரல் எந்த பக்கம் திறந்தாலும் தானா ஒரு இழுப்பு இழுத்துரும், இழுத்த உடனே பார் ஒளிஞ்சு பட்டன் மேல வந்துரும், நாம இழுத்தோம்னே நமக்கு தெரியாது. பெரியம்மா படம் முழுசா தெரியுதுன்னு கைய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்காங்க, அதுக்கு கீழ ஒரு கடையே இருக்குன்னு அந்த ஸ்க்ரீன்ல எது சொல்லுது? அவங்க போன்ல எழுத்து பெருசாக்கி வச்சிருக்காங்களான்னும் பாருங்க, தமிழ் வார்த்தை நீளம் வேற, ரெண்டு வரி மூணு வரியாகி பட்டனை இன்னும் கீழ தள்ளும்.

100விஎச்க்கு பதிலா 100டிவிஎச் போடுங்க, அது பார் இருக்கும்போது மிச்ச உயரத்த எடுத்துக்கும், இப்ப வர்ற ப்ரௌசர்ல எல்லாம் வேலை செய்யும். அதவிட நல்லது, படத்த பாதி ஸ்க்ரீனுக்கு குறைச்சு, கீழ அரைக்கிலோ ஒரு கிலோ விலைப்பட்டியலோட தலை கொஞ்சம் எட்டிப் பாக்கற மாதிரி விடுங்க. பாதி வெட்டுப்பட்ட எழுத்து தெரிஞ்சாதான் கை கீழ இழுக்கும்.

தேன்மொழி (11:59)
திருப்பி டெஸ்ட் பண்ணும்போது "பாருங்க"ன்னு சொல்லாதீங்க. "அரைக்கிலோ கருப்பட்டி வீட்டுக்கு வரணும், எப்படி வரவைப்பீங்க"ன்னு கேளுங்க. பட்டன்ல "ஆர்டர்"னு இருந்தா நீங்க அந்த வார்த்தைய சொல்லிடாதீங்க, அதையே தேடி அமுக்கிருவாங்க. மனசுல ஓடறத வாய்விட்டு சொல்லிக்கிட்டே பண்ண சொல்லுங்க, 1982ல ஐபிஎம்ல க்ளேட்டன் லூயிஸ் எழுதி வச்ச முறைதான், இன்னும் அதவிட மலிவா ஒண்ணு வரல. முக்கியமா நீங்க செஞ்சதுன்னு சொல்லாதீங்க, தங்கச்சி மகன் செஞ்சதுன்னா எந்த பெரியம்மாவும் குறை சொல்ல மாட்டாங்க. அப்புறம் அவங்க திணறும்போது உங்க விரல் உள்ள போகக்கூடாது, கைய கால் அடியில வச்சு உக்காருங்க. எனக்கு அதுதான் இன்னும் வராது.

மூத்தவன்_யூஎக்ஸ் (சனி காலை 7:15)
நான் சொன்னதைத்தான் எல்லாரும் நீட்டி சொல்லியிருக்கீங்க. பட்டனைப் படத்துக்கு மேல வச்சா வேலை முடிஞ்சுது.

நிழல்மரம் (7:40)
நீங்க கல்யாண ஆல்பம்னுதான சொன்னீங்க?

மெனு_முனியாண்டி (8:02)
ஆல்பத்துக்கும் ஒரு மெனு இருந்தா நல்லது.

கருப்பட்டிக்காரன் (ஞாயிறு மதியம் 1:30)
எல்லாருக்கும் நன்றி, ஐகான்தான் போட்டு வச்சிருந்தேன், எழுத்தும் அவங்க போன்ல ரொம்ப பெருசு. படத்த பாதியாக்கினேன், பெரியம்மா தானா கீழ இழுத்தாங்க, "விலை போட்டிருக்கு பாரு, அன்னிக்கு இது இல்லியே"ன்னாங்க. அன்னிக்கும் இருந்துச்சு 😭 கூடை வரைக்கும் போயிட்டாங்க, பின்கோடு கேக்கற இடத்துல நின்னுட்டாங்க. திங்க வேண்டாம், அடுத்த வாரம் லைவ் போலாம்னு பிரண்டுகிட்ட சொல்லிட்டேன். சாப்பிட கூப்பிடறாங்க, அப்புறம் வரேன்.

நிழல்மரம் (1:38)
பின்கோடுல என்ன ஆச்சு? நம்பர் கீபோர்ட் வந்துச்சா, இல்ல தமிழ் கீபோர்டே நின்னுச்சா? நம்பர் கீபோர்ட் வரவைக்கற இன்புட்மோட் நியூமெரிக் கோடுல போட்டீங்களா?

தேன்மொழி (மாலை 6:10)
அவங்களுக்கு பின்கோடு மனப்பாடமா தெரியுமான்னும் கேட்டுட்டு வாங்க.

நிழல்மரம் (செவ்வாய் இரவு 9:05)
கருப்பட்டிக்காரன்?