“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார் கடைக்காரர்: ரிவால்வருக்கு மாற்று பவுடர் தேடிய அனுபவங்கள்

டல்லாஸ்வாசி

கடையில் நடந்த ஒன்று மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சுட்ட தோட்டாக் கூடுகளில் பவுடரும் (வெடிமருந்து) புதுக் குண்டும் வைத்து நானே மறுபடி நிரப்புகிறவன், அதாவது ரீலோடிங். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு நான் போடுவது வின்செஸ்டர் 231 பவுடர். டப்பா அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கடையில் பவுடர் அலமாரி முக்கால்வாசி காலி. கவுன்டரில் இருந்த பெரியவர் உள்ளே போய் எச்பி-38 ஒரு பவுண்டு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். “231-ம் இதுவும் ஒண்ணுதான், லேபிள்தான் வேறே” என்றார். உண்மைதான். இரண்டும் ஃபுளோரிடாவில் செயின்ட் மார்க்ஸ் ஆலையில் வரும் ஒரே பவுடர். இரண்டையும் விற்கும் ஹாட்ஜ்டன் கம்பெனியின் எடை அட்டவணையில் இரண்டுக்கும் எண்கள் அச்சு மாறாமல் அப்படியே இருக்கும்.

பில் போடும்போது என் பின்னால் நின்ற பையன் .357 மேக்னம் தோட்டாவுக்கு அலையன்ட் 2400 பவுடர் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை. அதே பெரியவர், அதே குரலில், “எச்-110 எடுத்துக்கோ. ரெண்டும் ஒண்ணுதான். 2400 எவ்வளவு போட்டியோ அதே எடையைப் போடு” என்றார்.

எச்-110க்கு ஜோடி வின்செஸ்டர் 296, 2400 இல்லை என்று நான் குறுக்கே சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை, “எத்தனை வருஷமா விக்கிறேன் தெரியுமா” என்று சிரித்தார். பையன் அவர் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் போக மாட்டேன் என்கிறது. டப்பாவைக் கையில் எடுத்தான், பணம் கொடுத்தான், போய்விட்டான். ஒரு நிமிஷம் முன்னால் அந்த மனிதர் சொன்னது முழு உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் அடுத்ததையும் அவன் நம்பினான்.

கொலம்பஸ்காரன்

அந்தப் பையனுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை ஏறக்குறைய நேரில் பார்த்தவன் நான்.

ரேஞ்சில் எனக்குப் பக்கத்து மேடை. மனிதர் நல்ல நிதானமானவர், .357. முதல் சில குண்டுகள் படார் படார் என்று போயின. அடுத்தது ‘டொப்’. காது மூடியைத் தாண்டி அந்த வித்தியாசம் தெரிந்தது. அவர் விரல் மறுபடியும் டிரிக்கருக்குப் போகிறது. ரேஞ்ச் அதிகாரி கத்திய கத்தலில் நான் என் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டேன்.

பித்தளைக் கம்பி விட்டுப் பார்த்தால் குண்டு பேரலில் பாதி வழியில் நிற்கிறது. அதைவிட என் கண்ணில் நிற்பது சிலிண்டரைத் திறந்தபோது கொட்டியதுதான். எரியாத பவுடர், மஞ்சளாக, சிறு சிறு மணிகளாக மேசை முழுக்க உருண்டது. கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியிலும் போய் அடைந்து, சிலிண்டர் சுற்றவே முரண்டு பிடித்தது.

விசாரித்தால், எச்-110. “கை வலிக்கிறது என்று கொஞ்சம் குறைத்துப் போட்டேன்” என்றார். வேறு பவுடரில் குறைத்துப் போட்டு வந்தவர், இதிலும் அதே பழக்கத்தில் செய்திருக்கிறார். எச்-110 அதற்கு இடம் கொடுக்காது. கூடு நிறைய பவுடர் இருக்க வேண்டும், குண்டை அழுத்திக் கவ்வியிருக்க வேண்டும், மேக்னம் பிரைமர் (கூட்டின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி, அதில் வலுவான வகை) வேண்டும். அப்போதுதான் ஒழுங்காகப் பற்றும். அட்டவணை எடையிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டனே சொல்கிறது. 2400 அப்படி இல்லை, குறைத்தாலும் ஓரளவு பொறுத்துப் போகும்.

பழைய பித்தளை

டல்லாஸ் தம்பி, கடைக்காரரை ரொம்பத் தாளிக்க வேண்டாம். எரியும் வேக வரிசையில் 2400க்குப் பக்கத்தில்தான் எச்-110 வருகிறது, அதைவிட மெதுவானதும்கூட. வேகமான பவுடரின் எடையை மெதுவான பவுடருக்குப் போட்டால் அழுத்தம் குறையும், கூடாது. தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து. பையன் பிழைத்தான்.

என் அனுபவம் சின்னது. 2013 தட்டுப்பாட்டில் யூனிக் என்ற பவுடர் எங்கேயும் கிடைக்கவில்லை. கடை கடையாக அலைந்தபோது ஒருவர் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, மூன்று மடங்கு விலை சொன்னார். சீல் உடைந்த டப்பா. அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பினேன்.

அதற்கப்புறம் நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன், புதியவர்களுக்கு உதவும். ஒரு காலிபருக்கு ஒரு பவுடர் என்று உட்காராதீர்கள். உங்கள் குண்டின் எடைக்கும் வகைக்கும் அச்சில் எண் இருக்கிற பவுடர்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து எழுதி வையுங்கள். .38 ஸ்பெஷல், .45 கோல்ட் இரண்டுக்கும் பொதுவாகப் போகிறது எது என்று பாருங்கள். எது கிடைக்கிறதோ அது. உருண்டை வகையும் தட்டையாக்கிய உருண்டை வகையும் அளவுக் குடுவையில் தண்ணீர் போல இறங்கும். யூனிக் போன்ற செதில் வகை அடைத்து அடைத்து விழும், ஐந்தாறுக்கு ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். ஈயக் குண்டு என்றால் டைட்குரூப் சூடாக எரியும், புகை கண்ணைக் கரிக்கும், அதைக் கடைசியில் வையுங்கள். புது லாட் (ஆலையில் ஒரே தடவையில் செய்த சரக்கு) வாங்கினால் கீழ் எடையிலிருந்து மறுபடி ஏறுங்கள். பழைய லாட்டையும் புது லாட்டையும் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். மேசையில் எப்போதும் ஒரே ஒரு டப்பா. இதையெல்லாம் எழுதி, தோட்டா நிரப்பும் பிரஸ்ஸுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

கொலம்பஸ்காரன்

பித்தளை அண்ணே, “மெதுவானது, அதனால் ஆபத்தில்லை” என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலே நான் எழுதியது அதே கதைதானே? மெதுவான பவுடர், போதாத எடை, குண்டு பேரலில் சிக்கியது. முதல் குண்டில் ஒன்றும் வெடிக்காது என்பது சரி. அதற்கடுத்த குண்டில்தான் பேரல் வீங்கும், பிளக்கும். அதிகாரி கத்தாமல் இருந்திருந்தால்? அன்றைக்கு நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்று, அந்த வேக வரிசையை வைத்து எடையை எடுக்க முடியாது. எது முன்னே எது பின்னே என்று மட்டும்தான் அது சொல்லும். இரண்டு பெயர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பது அதில் இல்லை. அடர்த்தி அதில் இல்லை. .38 ஸ்பெஷலுக்கு உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ, .357க்கு 35,000. ஒரே பவுடர் ஒன்றில் ஒரு மாதிரி நடக்கும், இன்னொன்றில் வேறு மாதிரி நடக்கும்.

மிச்சிகன் மீனா

எனக்கு உறுத்துவது வேறு. எனக்கு ரீலோடிங் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். அவர் போன பிறகு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, “நீ எடுத்துக்கொண்டால் அவருக்குச் சந்தோஷம்” என்று கராஜைத் திறந்துவிட்டார். பிரஸ், அச்சுகள், கழுவிக் காய வைத்த பித்தளைக் கூடுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. மேல் தட்டில் ஒரு பழைய டப்பா, ஹெர்குலிஸ் யூனிக் என்று லேபிள். ஹெர்குலிஸ் வியாபாரம் 1995இல் அலையன்ட் கைக்குப் போனது, ஆகவே அதற்கும் முந்தைய டப்பா. எனக்கோ அப்போது யூனிக்தான் கிடைக்காமல் இருந்தது.

வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை கொட்டிப் பார்த்தேன். வட்டச் செதில்கள் சாம்பல் கறுப்பில், யூனிக் மாதிரியேதான். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன். செதில்களுக்கு நடுவே சின்னதாக, நசுங்கிய கடுகு போலப் பளபளப்பான மணிகள். வேறொரு பவுடர். எவ்வளவு கலந்திருக்கிறது, எப்போது கலந்தது, ஒன்றும் தெரியாது. அத்தனை சுத்தமான மனிதர், தெரிந்து கலந்திருக்க மாட்டார். குடுவையில் மிச்சமிருந்ததைத் திருப்பிக் கொட்டும்போது டப்பா மாறியிருக்கும், அவ்வளவுதான்.

இதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்றேன். அந்த அம்மாவுக்குப் பவுடர் பற்றி ஒன்றும் தெரியாது. “அவர் எப்போதும் எல்லாவற்றையும் சரியாகத்தானே வைப்பார்” என்றார். நான் அவர் கணவரைக் குறை சொல்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. எத்தனை விளக்கினாலும் அந்த முகம் மாறவில்லை. பவுடர் விஷயத்தில் நான் செய்தது சரி என்று தெரியும். ஆனாலும் இன்னும் அந்தப் பக்கம் நடக்கும்போது கஷ்டமாக இருக்கிறது.

குன்னூரான்

ஏன் கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அதைச் செய்யும் ஆலைகள் உலகத்திலேயே குறைவு. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பீரங்கி மருந்துக்கு அதே சரக்கு போகிறது. நம் ரிவால்வர் பவுடர் வரிசையில் கடைசி ஆள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உறவில் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள். ஒரே கலவையை ஒரே எந்திரத்தில் செய்தாலும் ஒவ்வொரு லாட்டையும் சுட்டுப் பார்த்து, கலந்து, அளவுக்குக் கொண்டுவந்தால்தான் வெளியே போகும் என்று வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆலைக்குள்ளேயே ஒரு லாட்டை நம்பி அடுத்ததை அனுப்ப மாட்டார்கள். ஒரு பெயரை நம்பி இன்னொரு பெயரை நிரப்புகிறோம் என்றால் எப்படி?

பழைய பித்தளை

மீனா அம்மா, சரியாகச் செய்தீர்கள். அந்த டப்பாவை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே. சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இந்தச் சந்தேகம் வரும். குப்பையில் போடக் கூடாது, சாக்கடையில் கொட்டக் கூடாது, இறுக மூடிய எதிலும் வைத்து எரிக்கவே கூடாது. கொஞ்சம்தான் என்றால் புல்தரையில் மெல்லிசாகத் தூவித் தண்ணீர் விடுங்கள், நைட்ரஜன் உரமாகப் போய்விடும். நிறைய என்றால் உள்ளூர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். கெட்டுப்போன பவுடரை மூக்கே சொல்லும். நல்லதில் ஈதர், ஆல்கஹால் வாடை வரும். கெட்டதில் அமிலம் போலச் சுருக்கென்று மூக்கில் ஏறும், டப்பாவுக்குள் துருப் போலச் செந்தூள் படியும். அந்த டப்பா வீட்டுக்குள் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. வயதானவர்கள் உள்ள வீட்டில் யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். என் வீட்டில் மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கொலம்பஸ் தம்பி சொன்ன இரண்டாவது குண்டு விஷயம், நியாயம்தான். நான் கூடு வெடிப்பதை நினைத்து எழுதினேன்.

டல்லாஸ்வாசி

மீனா அக்கா, அந்த அம்மா ஒரு நாள் புரிந்துகொள்வார். குன்னூர் சார் சொன்ன லாட் விஷயம் எனக்குப் புதுசு, நன்றி.

தெற்கு ஓரிகன்

எல்லோரும் எந்தப் பவுடர் என்றே பேசுகிறீர்கள். அது கூட்டுக்குள் எங்கே படுத்திருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

.45 கோல்ட் 1873இல் கறுப்பு மருந்துக்காகச் செய்தது. .38 ஸ்பெஷல் 1898 வாக்கில் வந்தது, அதுவும் முதலில் கறுப்பு மருந்துக்குத்தான். கூடு அவ்வளவு நீளம் அதனால்தான். இன்றைய புகையற்ற பவுடர் அதில் அடிப்பகுதியில் கொஞ்சம் கிடக்கும், மீதி காலி. புல்ஸ்ஐ பவுடர் இருமடங்கு தவறி விழுந்தாலும் குண்டு உட்கார்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. டிரெயில் பாஸ் என்ற பவுடர் கூட்டை நிரப்பிக்கொண்டு நிற்கும் என்பதாலேயே நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஓட்டை விட்ட குட்டி வளையங்கள், ஊதினால் பறக்கும். அது வருவது நின்றுவிட்டது. மாற்றுத் தேடி .38 ஸ்பெஷலுக்கு நானும் எச்பி-38க்கு வந்தேன். அச்சில் உள்ள கீழ் எடைதான் போட்டேன்.

ரேஞ்சில் வேகமானியை வைத்துவிட்டு, என் கூட வரும் ஒரு நண்பர் சொன்னபடி செய்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் பேரலை மேலே தூக்கி, மெதுவாக இறக்கிச் சுட்டேன். பவுடர் பிரைமர் பக்கம் கிடக்கும். அப்புறம் தரையைப் பார்த்துச் சாய்த்து, மெதுவாக நிமிர்த்திச் சுட்டேன். பவுடர் குண்டுப் பக்கம் போய்விடும். அதே கூடு, அதே எடை, அதே கை. வேகமானியில் வினாடிக்கு நூறு அடிக்குக் குறையாத வித்தியாசம். அடுத்த மேடைக்காரர் எட்டிப் பார்த்து, மெஷின் கெட்டுப்போச்சா என்றார். சத்தத்திலேயே தெரிந்தது, சாய்த்துச் சுட்டது சோம்பலாக ஒலித்தது.

பழைய பித்தளை சார் மூன்று பவுடர் எழுதி வைக்கச் சொன்னார், நல்லது. அந்த மூன்றையும் இப்படி இரண்டு விதமாகச் சுட்டுப் பார்த்து, வித்தியாசத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். ஹோல்ஸ்டரிலிருந்து எடுத்துச் சுடுகிறவருக்கு, முதல் குண்டுக்கு முன்னால் பேரல் எப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். எச்பி-38ஐ நான் விடவில்லை. அட்டவணைக்குள்ளேயே கொஞ்சம் ஏற்றியதும் வித்தியாசம் சுருங்கியது, சாய்த்துச் சுட்டதும் கம்மென்று போகாமல் ஒழுங்காகப் பேசியது. .45 கோல்ட்டுக்கு இன்னும் மனசு ஒத்துவரவில்லை, அதில் காலி இடம் இன்னும் அதிகம். அதற்கு இங்கே யாராவது சாய்த்து நிமிர்த்திச் சுட்டுப் பார்த்திருந்தால், பவுடர் பெயரையும் குண்டின் எடையையும் எழுதுங்கள்.