மானைக் கண்டால் மட்டும் "விடு" வேலை செய்யுதில்லை, உதவி வேணும்

வணக்கம். திருகோணமலையில நாய் பழக்கின ஆக்கள் கட்டாயம் பதில் சொல்லுங்கோ.

இரண்டு வயது ஊர் நாய், பெட்டை. "விடு" (தொடாமல் விட்டிட்டு வா) எண்ட கட்டளையைப் பழக்கினது இப்பிடி: மூடின கைக்குள்ள கோழித்துண்டு, அவள் மூக்கை எடுக்கிற கணமே "ஓம்" சொல்லி மற்றக் கையால வேற துண்டு. பிறகு நிலத்தில, பிறகு நடந்துகொண்டு. விடச்சொன்ன துண்டை ஒருநாளும் குடுக்கிறேல்ல. குடுத்தால் "விடு" எண்டது "கொஞ்சம் பொறு" எண்டு ஆகிடும். டச்சுக்குடாக் கரையில கிடக்கிற மீன்தலையையே இப்ப விட்டிட்டு வாறாள்.

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளதான் சிக்கல். முப்பது மீட்டரில புள்ளிமான் தெரிஞ்சால் காது நிமிரும், வாய் மூடும், உடம்பு விறைக்கும். கோழித்துண்டைத் துப்பிவிடுவாள். அந்த நிலையில கட்டளையைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் சொல்தான் பழுதாகும். அதால பேசாமல் திரும்பி நடக்கிறன். தூரம் கூடினால் சரி, ஆனா அங்க மான்கள் ஆக்களுக்குப் பழகி, தாங்களே கிட்ட வருதுகள்.

இடையில ஒரு படி தேவை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஆடு கட்டுற அகலமான வெளி தெரியுமோ? சொந்தக்காரர் சம்மதிச்சால், ஐம்பது மீட்டரில தொடங்கி, ஆட்டைப் பார்த்திட்டு தானாத் திரும்பினால் பரிசு எண்டு பழக்கலாம். துரத்துற நாய்க்கு தீனியை விட கயிறு இழுக்கிற விளையாட்டு நல்ல பரிசோ? செய்து பார்த்தவை சொல்லுங்கோ.

கழுத்தை இறுக்கிற சங்கிலி மட்டும் வேண்டாம். வலிக்கு மான்தான் காரணம் எண்டு அவள் எடுத்தால் இன்னும் மோசமாப் பாய்வாள்.