வகுப்பறையில் பாறைப் பாடம்: உங்களை இன்னும் உறுத்தும் அனுபவம் எது?

பாலக்கோட்டு அம்மா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. அன்று பாறைக்கோளம் பாடம். பள்ளிச் சுவரை ஒட்டிய தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் செம்மண், பிறகு பழுப்பு, அப்புறம் மாவு போலச் சாம்பல் நிறத் தூள். சத்தம் தாங்காமல் ஆசிரியர் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ‘பாறைகள் மூன்று வகைப்படும்’ என்று வாசிக்கச் சொன்னாராம். சீருடையெல்லாம் தூளாக வந்தவள், “இது எந்த வகை அம்மா?” என்றாள். எனக்கு என்ன தெரியும்?

ஊத்தங்கரை சமூக அறிவியல் ஆசிரியர்:
ஜன்னலைச் சாத்தியவரைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. வரலாறு, குடிமையியல், பொருளியல், பாறை எல்லாம் ஒருவர் தலையில்தான் விழுகிறது. நான் படித்தது வரலாறு. ஒருநாள் தாதுக்கள் தண்ணீரில் கரைவதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏதோ வேடிக்கைக்குச் சிரித்த முதல் பெஞ்சுப் பையன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். பல்லெல்லாம் பழுப்புக் கறை. தண்ணீரில் ஃபுளோரைடு கூடினால் வருவது, நம் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. பாறையின் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்றில் கலப்பதும், அதற்கு மாற்றாகக் காவிரி நீர் தர 2013இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதே பாடம்தான். அவனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

முன்னாள் நிலவியல் மாணவன்:
வரலாறு படித்தேன் என்பது சாக்கு, சார். சொல்லியிருக்க வேண்டும். அவன் பல்லைக் காட்டி அல்ல, ஊர்த் தண்ணீரைக் காட்டி. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தால் சோதித்துத் தருவார்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. நான் ஒரு பள்ளியில் ஒகேனக்கல் பக்கத்துக் கல் ஒன்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். நுரைத்தது. “சுண்ணாம்புக் கல், படிவுப் பாறை!” என்று ஒரு சிறுமி துள்ளினாள். அது கார்பனடைட், சுண்ணாம்புக் கல்லைப் போலவே கார்பனேட் நிறைந்த, ஆனால் பாறைக்குழம்பு இறுகி உருவான தீப்பாறை. வயது 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்றேன். “அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது?” என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பாலக்கோட்டு அம்மாவுக்கு: பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் பக்கம் ‘நைஸ்’ (gneiss) என்ற பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது உருமாறிய பாறை. இனி எங்கே போர் போட்டாலும் பத்தடிக்கு ஒரு பிடி தூள் வாங்கி, உறையில் ஆழம் எழுதி வையுங்கள். கழுவிப் பார்த்தால் கண்ணாடி போல் இருப்பது குவார்ட்ஸ், கருப்புச் செதில் பயோட்டைட், காந்தத்தில் ஒட்டுவது மேக்னடைட். மேல்மண் சரியாமல் இருக்க இறக்கும் கேஸிங் குழாய் எத்தனை அடி இறங்கியது என்றும் கேளுங்கள். அதுவரை மண்ணும் சிதைந்த பாறையும், அதற்குக் கீழே கெட்டிப் பாறை.

போர் போடும் ரிக் வண்டிக்காரர், ராயக்கோட்டை:
பத்தடிக் கணக்குச் சொன்னவர் வண்டிப் பக்கம் நின்றதில்லை போலும். துளையிடும் குழாயான ராடு மாற்றும்போது ஒரு பிடி எடுத்தால் போதும், எத்தனை ராடு என்று எண்ணினால் ஆழம் தானாகக் கணக்கில் வந்துவிடும். துளையில் தண்ணீர் வந்த பிறகு எல்லாம் சேறுதான், முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளை வண்டி அருகே விடாதீர்கள். கேட்டால் தூளை நாங்களே கட்டித் தருகிறோம்.